குழல்விட்டமும் வேட்டையும்: மான், பன்றி வேட்டைத் துவக்குகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மானையோ பன்றியையோ வேட்டையாடப் புகும் ஒருவன் எத்துணை விட்டமுடைய குழல் பொருந்திய துவக்கினைக் கைக்கொள்ளல் வேண்டும் என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு வேட்டைக்காரர் தம்முட் பேசிப் பொழுதுபோக்கும் ஒரு விடயமாகவே தோன்றும். வரலாறு பயில்வார்க்கு அஃது அவ்வாறன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலத்து உலோகத் தொழில், இரசாயனம், படையமைப்பு, பேரரசின் ஆட்சிக் கொள்கை, சட்டம் என்பன யாவும் அச்சிறு துளையினூடே புகுந்து வெளிப்படுதலை அவர் காண்பர். பிறிதொன்றும் உளது. இவ்வினாவிற்குப் பிழையான விடையைத் தேர்ந்தவன் இழப்பது ஒருவேளை இறைச்சியே. அப்பிழையின் முழுப்பயனையும் நுகர்வது, வயிற்றிலோ தொடையிலோ குண்டினை ஏற்றுக் காட்டினுள் ஓடி, இரண்டு மூன்று நாட் கழித்து ஒரு புதரடியில் வீழ்ந்து இறக்கும் விலங்கேயாகும். கொல்லாமையை அறமெனக் கொண்ட மரபில் வந்த நாம் இவ்வாராய்ச்சியில் இறங்குதல் பொருந்துமோ எனச் சிலர் வினவலாம். நடந்ததை ஆராய்தல் நடந்ததற்கு உடன்படுதல் ஆகாது என்பதே நமது விடை.

முதற்கண் சான்றுகளைப் பற்றி ஒரு சொல். இவ்வரலாற்றிற்குரிய ஆதாரங்களுட் பெரும்பாலன வேட்டைக்காரர் தாமே எழுதிய நூல்கள். அவை இனிமையானவை, ஆனால் ஒரு பக்கச் சார்பானவை. வீழ்ந்த விலங்கு எண்ணப்படும். குண்டுபட்டுத் தப்பிய விலங்கு எண்ணப்படுவதில்லை. ஆகவே ஒருவர் தமது துவக்கினைப் பற்றி, 'இதனால் அடிபட்டது எதுவும் தப்பியதில்லை' எனக் கூறுமிடத்து, தப்பியவற்றை அவர் கண்டிலர் என்றே நாம் பொருள் கொள்ளல் வேண்டும். கைலைநாதன் வேடனாக வந்து அருச்சுனனுடன் ஒரே பன்றியின்மேல் அம்பெய்து, பன்றியை வீழ்த்தியது எவர் அம்பு என வழக்காடிய கதையை நாம் அறிவோம். விலங்கினை வீழ்த்தியது எது என்பதில் வேடர்க்குள் உடன்பாடின்மை மிகப் பழையதே போலும்.

துவக்குகளின் அளவைக் குறிக்கும் பழைய முறை இக்காலத்தார்க்கு விந்தையாகத் தோன்றும். ஒரு இறாத்தல் ஈயத்தைக் கொண்டு, குழலிற் சரியாகப் பொருந்தும் உருண்டைக் குண்டுகள் எத்தனை வார்க்கலாமோ அத்தொகையே குழலின் எண்ணாகும். பன்னிரண்டு குண்டுகள் ஆயின் அது பன்னிரண்டாம் எண் குழல், அதன் விட்டம்.729 அங்குலம். எண் குறையக் குழல் பெருக்கும். உருண்டையின் நிறை விட்டத்தின் மூன்றாம் அடுக்கினைத் தொடர்ந்து மாறுவதாதலின், நாலாம் எண் குழலின் விட்டத்திற் சரிபாதி உடையது எட்டாம் எண் குழலன்று, முப்பத்திரண்டாம் எண் குழலாகும். இக்கணக்கிலே பழைய வேட்டைக்காரரின் இக்கட்டு முழுவதும் அடங்கியுளது. குண்டு உருண்டையாக இருக்குமளவும், நிறையை மிகுவிக்க விரும்பியவன் விட்டத்தை மிகுவித்தே ஆகவேண்டும்; வேறு வழியில்லை. விட்டம் மிகுந்தால் துவக்கின் பாரம் மிகும். தோளில் மோதும் உதைப்பும் மிகும்.

இவ்விக்கட்டின் உச்சநிலையை நமது தீவிலேயே காணலாம். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிப் புகழடைந்த சேர் சாமுவேல் பேக்கர் (1821-1893), 1840களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்து, 1848 இல் நுவரெலியாவில் ஒரு குடியேற்றத்தை நிறுவி, 1855 வரை இங்கு வாழ்ந்தவர். இலங்கை வேட்டை பற்றி அவர் எழுதிய நூலிலே தமது துவக்குகளை அவரே விபரிக்கின்றார். அவற்றுட் பெரியது 21 இறாத்தல் நிறையுடைய ஒற்றைக்குழல் றைபிள். அது நாலு அவுன்சுக் குண்டினை எறிவது. அதற்கிட்ட வெடிமருந்து 16 திராம், அதாவது ஒரு முழு அவுன்சு. இரண்டு அவுன்சுக் குண்டிற்குரிய மற்றொன்று 16 இறாத்தல் நிறையுடையது. இவையன்றிப் பத்தாம் எண் இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கும் அவரிடம் இருந்தன. குழலின் உட்புறத்திலே திருகுபோலச் சால்கள் வெட்டப்பட்ட துவக்கே றைபிள் எனப்படுவது. சால்களற்ற வழுவழுப்பான குழல்களே அக்காலத்து இங்குப் பெருவழக்காக இருந்தன. பேக்கர் வருவதற்குச் சற்று முன்னர், 1845 இல், அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜேர்ஸ், 1,400 யானைகளைக் கொன்றவர் எனப் பேசப்படுபவர். அத்தொகை முழுவதும் உண்மையோ அன்றோ, அத்தகைய தொகையைப் பெருமையாகப் பேசிய காலம் அது என்பது உண்மை.

மானும் பன்றியும் பேக்கரின் கண்ணில் யானைக்கு அடுத்த நிலையினவே. ஆயினும் அவ்விரண்டையும் அவர் வேறுவேறாக நடத்தினார் என்பது கருதத்தக்கது. தாழ்நிலத்துப் புல்வெளிகளிலே புள்ளிமானைத் தொலைவிலிருந்து றைபிளாற் சுட்டார். மலைநாட்டிலோ, ஆங்கிலேயர் தவறாக 'எல்க்' என அழைத்த மரையையும் காட்டுப்பன்றியையும் நாய்களைக் கொண்டு மடக்கிக் கத்தியாற் குத்தினார். இதனை வீரச்செயல் என அவர் எழுதினாலும், காரணம் எளியது. நுவரெலியாவைச் சூழ்ந்த காடுகளில் பத்து அடிக்கு அப்பாற் கண் செல்லாது. அங்கு நெடுந்தூரம் எறியும் குழலாற் பயனில்லை. பன்றி வேட்டையில் அவர் இழந்த நாய்கள் பல. கருவியின் தேர்வு விலங்கினை மட்டும் பற்றியதன்று, அவ்விலங்கு வாழும் நிலத்தையும் பற்றியது என்பதனை இதினும் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டினை யாம் கண்டிலேம்.

உருண்டைக் குண்டின் ஆட்சி பேக்கர் இலங்கையில் வாழ்ந்த அந்த ஆண்டுகளிலேயே முடிவுறத் தொடங்கிற்று. 1849 இல் பிரான்சிய அதிகாரி மினியே அமைத்த நீள்குண்டு படைகளில் விரைந்து பரவியது. 1853 இல் வந்த என்பீல்ட் றைபிள்.577 அங்குல விட்டமுடையது. ஆனால் விட்டத்தைச் சுருக்குதற்கு உண்மையான வழிகாட்டியவர் பொறியியலாளராகிய யோசெப் விற்வேத் ஆவர். அவர் .451 அங்குலமே விட்டமுடைய அறுகோணத் துளையை ஆக்கினார். என்பீல்டின் சால் 78 அங்குலத்தில் ஒருமுறை சுழல, அவரது துளை 20 அங்குலத்தில் ஒருமுறை சுழன்றது. குறுகிய குண்டினை நிறை குறையாது வைத்திருத்தற்கு அதனை நீட்டவேண்டும். நீண்ட குண்டு காற்றிற் புரளாது செல்லுதற்கு அதனை விரைவாகச் சுழற்றவேண்டும். இவ்விரண்டும் கைவந்தபின் நிறைக்காக விட்டத்தை நாடவேண்டிய கட்டாயம் நீங்கியது. 1857 இல் நடந்த சோதனைகளில் விற்வேத்தின் றைபிள் என்பீல்டினைத் தூரத்திலும் குறியிலும் முற்றாக வென்றது.

வேட்டைக்காரரோ விற்வேத்தின் வழியே செல்லவில்லை. அவர்க்கு வேண்டியது ஆயிரம் யார் தூரமன்று. நூறு, நூற்றைம்பது யார் தூரத்தில் ஓடும் மானை, தூரத்தை மதிப்பிட்டுத் தலையைப் பிய்த்துக் கொள்ளாமற் சுடுதலே. 1856 இல் இலண்டன் துவக்குத் தொழிலாளராகிய யேம்ஸ் பேர்டி, இலேசான குண்டிற்கு மிகுந்த மருந்திட்டு விரைவாக எறியும் றைபிள்களை விற்று, அக்காலத்துப் புதுமையாகிய கடுகதிப் புகையிரதத்தின் பெயரை அவற்றுக்கு இட்டார். 'எக்ஸ்பிரஸ்' என்னும் அப்பெயர் இன்றளவும் நிலைத்துவிட்டது. .450, .500, .577 என்னும் விட்டங்களில் வந்த இவ்வகைத் துவக்குகள், அடுத்த நாற்பது ஆண்டுகள் இந்தியாவிலும் ஸ்கொத்லாந்திலும் ஆபிரிக்காவிலும் மான் வேட்டையை ஆண்டன.

அவற்றின் குறையும் விரைவில் வெளிப்பட்டது. விரைவு மிகுவித்தற்பொருட்டுக் குண்டின் முனையிலே துளையிட்டு நிறையைக் குறைத்தனர். மெல்லிய தோலும் ஒடுங்கிய விலாவும் உடைய மானின் நெஞ்சில் அத்தகைய குண்டு மலர்போல விரிந்து உடனே கொன்றது. பன்றியிடத்து அவ்வாறு நிகழவில்லை. முதிர்ந்த ஆண்பன்றியின் தோளின்மேல் தோலும் குருத்தெலும்பு போன்ற தடித்த தசையும் சேர்ந்து ஒரு கேடகமாக அமைந்துள்ளன. ஏனைய ஆண்பன்றிகளின் கோரைப்பற்களிலிருந்து தன்னைக் காத்தற்கு இயற்கை அளித்த கவசம் அது. அன்றியும் அதன் இருதயமும் நுரையீரலும் மானின் உடலிற் காண்பதிலும் முன்னும் கீழுமாக அமைந்தவை. மானைச் சுட்டுப் பழகியவன் தோளுக்குப் பின்னே குறிவைத்தால் குண்டு குடலிற் புகும். தோளிலே குறிவைத்தாலோ, துளைமுனைக் குண்டு கேடகத்திலேயே சிதறிப் பெரும்புண்ணை மேற்பரப்பில் உண்டாக்கி உள்ளே செல்லாது நிற்கும். அப்பன்றி சாகாது, ஆனால் சுட்டவனை அது மறப்பதுமில்லை. ஒரே விட்டமுடைய குழல், ஒரே மருந்து. ஒரு விலங்கிற்கு ஏற்றது மற்றதற்கு ஏலாதாயிற்று.

பேக்கர் தமது முதுமையில், 1890 இல் வெளியிட்ட நூலில் இப்பூசலுக்குத் தீர்ப்புக் கூற முற்பட்டார். துளைமுனைக் குண்டினை அவர் கடிந்தார். .577 விட்டத்தில், 648 கிறெயின் நிறையுடைய, துளையற்ற தூய ஈயக்குண்டினை ஆறு திராம் மருந்துடன் எறிவதே சாலச் சிறந்தது என்றார். அவர் கூறிய காரணம் இன்றும் எடுத்துப் பேசப்படுவது: குண்டு விலங்கினை ஊடுருவி அப்பாற் போய்விடின் அதன் வலியிற் பெரும்பகுதி வீணாகும், மேற்பரப்பிலே சிதறினும் வீணாகும், அது உடலை முற்றக் கடந்து மறுபக்கத்துத் தோலின் கீழே, விரிந்து தட்டையாகி, தங்கவேண்டும். இதற்கு மாறாக, இரு பக்கமும் துளை விழுந்தாலன்றிக் குருதி நிலத்திற் சிந்தாது, சிந்தாவிடின் அடிச்சுவடு பற்றித் தொடர இயலாது என வாதித்தோரும் உளர். அடர்ந்த காட்டில் வேட்டையாடுவார்க்குப் பின்னவர் கூற்றே பொருந்தும் என்பது நமது கருத்து. எனினும், விட்டத்தைப் பற்றிய வழக்கினைக் குண்டின் தன்மையைப் பற்றிய வழக்காகத் திருப்பியதில் பேக்கர்க்குப் பெரும்பங்கு உண்டு.

அவர் அந்நூலை எழுதிக்கொண்டிருந்தபோதே அவர் அறிந்த உலகம் மறையத் தொடங்கிவிட்டது. கரிய வெடிமருந்து எரியும்போது அதிற் பாதிக்கு மேற்பட்ட பாகம் வாயுவாகாது புகையாகவும் படிவாகவும் எஞ்சும். 1884 இல் பிரான்சிய இரசாயன அறிஞர் போல் வியேல் புகையற்ற வெடிமருந்தினை ஆக்கினார். 1886 இல் பிரான்சியப் படை 8 மில்லிமீற்றர் லெபெல் றைபிளைக் கைக்கொண்டது. புதிய மருந்தின் விரைவில் வெற்று ஈயம் சால்களிற் பற்றாது உரிந்துபோகுமாதலின் குண்டிற்குச் செம்பு முதலிய உலோகத்தாலான உறை வேண்டியதாயிற்று. சுவிற்சலாந்தின் எடுவார்ட் றூபின் 1882 இலேயே அதனை அமைத்திருந்தார். பிரித்தானியப் படை 1871 இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றித் துவக்கின் குண்டு .45 அங்குலமும் 480 கிறெயினும் உடையது. 1888 இல் வந்த லீ-மெற்போட்டின் குண்டோ .303 அங்குலமும் 215 கிறெயினுமே. பதினேழு ஆண்டுகளில் குண்டின் நிறை பாதிக்குங் கீழே இறங்கியது.

இங்கேதான் இவ்வரலாற்றின் மிக விசித்திரமான பகுதி தொடங்குகின்றது. முழு உறையிட்ட ஒடுங்கிய குண்டு உடலை ஊசிபோலத் துளைத்துச் சென்றது. 1895 இல் சித்திரால் போரிலே, குண்டுபட்ட பின்னும் எதிரிகள் முன்னேறி வந்தனர் எனப் படையினர் முறையிட்டனர். அதன்மேல் கல்கத்தாவிற்கு அண்மையிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில், முனையில் உறை நீக்கப்பட்டு ஈயம் வெளித்தோன்றும் குண்டுகள் செய்யப்பட்டன. அவை பட்ட இடத்தில் விரிந்தன. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 1899 இல் ஹேக் நகரிற் கூடிய மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் வழங்கலாகாது எனப் பிரகடனஞ் செய்தது. பிரித்தானியா அன்று உடன்படாது 1907 இலேயே அதனை ஏற்றது. வேட்டைக்காரரோ அதே மென்முனைக் குண்டினை இரு கையும் நீட்டி வரவேற்றனர். அஃதின்றேல் சிறுவிட்டக் குழலால் மானைக் கொல்லுதல் அரிதாகியிருக்கும். 1963 இல் இங்கிலாந்தின் மான்கள் சட்டம், மான்மேல் மென்முனை அல்லது துளைமுனைக் குண்டன்றி வேறு குண்டு சுடலாகாது என விதித்தது. மனிதனுக்குக் கொடுமை என விலக்கப்பட்டது எதுவோ அதுவே மானுக்குக் கருணை எனக் கட்டாயமாக்கப்பட்டது. இரண்டிற்கும் நியாயம் உண்டு. போரில் காயமுற்றவனைப் பிழைக்கச் செய்தல் கூடும், பிழைக்க வேண்டும். காயமுற்ற மானுக்கு மருத்துவமனை இல்லை.

இனி, விட்டத்தைத் தேர்ந்தவர் உண்மையில் யாவர் என வினவின், பெரும்பாலும் வேட்டைக்காரர் அல்லர் என்றே கூறல் வேண்டும். தேர்ந்தவை படைகள். அமெரிக்கப் படை 1906 இல் ஏற்ற தோட்டாவே அந்நாட்டு மான் வேட்டைக்காரரின் .30-06 ஆயிற்று, கனடாவில்.303, சுவீடனில் 6.5 மில்லிமீற்றர், ஜெர்மனியில் 7, 8 மில்லிமீற்றர் மவுசர் என்பனவும் அவ்வாறே. படை கழித்துவிட்ட துவக்குகள் மலிவாகக் கிடைத்தன. தோட்டாவும் எங்கும் கிடைத்தது. இந்தியாவில் மட்டும் இது தலைகீழாக நிகழ்ந்தது. மார்ட்டினி-ஹென்றித் துவக்குகள் குழப்பக்காரர் கையில் இருந்தமையால், அவற்றுக்கு உதவக்கூடிய .450 விட்டத்துத் தோட்டாக்களை 1907 ஆம் ஆண்டளவில் அரசு தடுத்தது, துவக்குத் தொழிலாளர்.465, .470, .475 எனத் தடையை ஒரு மயிரிழையில் விலகிச் செல்லும் விட்டங்களைப் படைத்தனர். படைத் தோட்டாவாகிய .303 உம் தனியார்க்கு விலக்கப்பட, பழைய ஒஸ்திரியப் படைத் தோட்டா ஒன்று .315 என்னும் பெயருடன் அதன் இடத்தைப் பிடித்தது. சுதந்திரத்தின் பின்னரும் இந்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் அத்துவக்கினைச் செய்து வந்தன. விலங்கின் உடலையும் குண்டின் வலியையும் எண்ணாது, ஆளப்படுவோர் கிளர்ச்சி செய்வரோ என்னும் அச்சத்தினாற் பிறந்த அளவு அது. சம்பாவத் பெண்புலியைக் கொன்றமைக்காக 1907 இல் ஜிம் கோர்பெற்றுக்குப் பரிசாக அளிக்கப்பட்ட .275 றிக்பி என்னும் துவக்கும் பெயரில் மட்டுமே ஆங்கிலேயம். அதன் தோட்டா ஜெர்மனிய 7 மில்லிமீற்றர் மவுசரேயாம்.

பெயர்களைப் பற்றிக் கூறின் நகைப்பே வரும். .30-30 என்பதில் இரண்டாம் எண் மருந்தின் கிறெயின்; .30-06 என்பதில் அது ஆண்டு; .250-3000 என்பதில் அது குண்டின் வேகம். .303 துவக்கின் குண்டினை அளந்தால் .311 அங்குலம். இவ்வெண்களை ஒரே வகையின என எண்ணி ஒப்பிட்டு ஏமாந்த மாணவர் பலர். யாமும் ஒருகால் அவருள் ஒருவரே.

படைகளின் பிடியிலிருந்து ஓரளவு விலகி, மானுக்கெனவே தோட்டாக்கள் ஆக்கப்பட்ட நாடு அமெரிக்கா. 1895 இல் வின்செஸ்ரர் நிறுவனம் வெளியிட்ட .30-30, அந்நாட்டிற் புகையற்ற மருந்துக்கெனவே ஆக்கப்பட்ட முதலாவது சிறுவிட்ட வேட்டைத் தோட்டா. 160 கிறெயின் குண்டு, செக்கனுக்கு ஏறத்தாழ 2,000 அடி வேகம், எளிய, இலேசான துவக்கு, காடுகளுக்குப் போதியது. ஆனால் வேகத்தின் கவர்ச்சி அடங்கவில்லை. சாள்ஸ் நியூட்டன் வகுத்த .250 தோட்டாவைச் சவேஜ் நிறுவனம் 1915 இல் விற்கத் தொடங்கியபோது, செக்கனுக்கு 3,000 அடி என விளம்பரஞ் செய்யும் ஆசையால் குண்டின் நிறையை 87 கிறெயினாகக் குறைத்துக் கொண்டது. மானின் உடலைவிட விளம்பரப் பலகையே அங்கு அளவை நிருணயித்தது எனின் மிகையாகாது. 1925 இல் வந்த .270 வின்செஸ்ரர், 130 கிறெயின் குண்டினைச் செக்கனுக்கு 3,100 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் எறிந்தது.

இதனையொட்டி எழுந்த சொற்போர் அந்நாட்டு வேட்டை இதழ்களிற் பல பத்தாண்டுகள் நடந்தது. ஒருபுறம் ஜாக் ஓகொனர் (1902-1978): ஆங்கில ஆசிரியராக இருந்தவர், .270 இன் பெரும் பரிந்துரையாளர். இலேசான குண்டு, மிக்க வேகம், தட்டையான பாதை, அஞ்சாது சுடத்தக்க சிறு உதைப்பு என்பன அவர் கொள்கை. மறுபுறம் எல்மர் கீத் (1899-1984): ஐடகோ மலைப்பண்ணையாளர்; பெருவிட்டமும் பாரமான குண்டுமே வேண்டும், எலும்பை முறித்து எக்கோணத்திலிருந்தும் உட்செல்லவேண்டும் என்பவர். பௌதிகம் பயின்றோர் இதனிடை ஒரு பழைய வழக்கினைக் காண்பர். ஆற்றல் வேகத்தின் இரண்டாம் அடுக்கினைத் தொடர்வது. உந்தமோ வேகத்தை மட்டும் தொடர்வது. ஆற்றலால் அளந்தால் ஓகொனர் வெல்வர். உந்தத்தால் அளந்தால் கீத் வெல்வர். மானின் உடலோ இவ்விரு கணக்கில் எதனையும் அறியாது. குண்டு எங்கே பட்டது, எவ்வளவு ஆழஞ் சென்றது, போகும் வழியில் எதனைச் சிதைத்தது என்பனவே அதற்குப் பொருள். ஓகொனர் மானையும் மலையாட்டினையும் திறந்த நிலத்தில் நின்ற நிலையிற் சுட்டவர்; கீத் பெரிய எல்க் மான்களை இருண்ட மரக்காட்டில் ஓடும் நிலையிற் சுட்டவர். இருவரும் தத்தம் நிலத்தை உலகெனக் கொண்டனர். ஓகொனரிடத்தே ஓர் உண்மை மிகுதியாக உண்டு என்பது நமது துணிபு: உதைப்பிற்கு அஞ்சிக் கண்ணை மூடிச் சுடுபவன் கையிற் பெருந்துவக்கு, மானுக்குச் சிறுதுவக்கிலும் கொடியது.

வழக்கினை ஒருவாறு தணித்தது புதிய குண்டே. 1946 இல் பிரித்தானியக் கொலம்பியாவில் சேறு படிந்த மூஸ் ஒன்றின்மேற் பட்ட தமது குண்டுகள் உட்செல்லாது சிதறியதைக் கண்ட ஜோன் நொஸ்லர் என்பவர், உறையின் நடுவே ஒரு தடுப்புச் சுவரை அமைத்தார். முற்பாதி விரியும், பிற்பாதி சிதையாது உள்ளே செல்லும். 1948 இல் அது விற்பனைக்கு வந்தது. மெல்லிய மானுக்கும் கேடகமுடைய பன்றிக்கும் ஒரே துவக்கு உதவக்கூடும் என்னும் நிலை அதன் பின்னரே உண்மையில் ஏற்பட்டது.

சட்டங்கள் இவ்வினாவை வேறு வகையில் முடித்தன. மேலே குறித்த 1963 ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம், .240 அங்குலத்திற் குறைந்த விட்டமும் 1,700 அடி-இறாத்தலிற் குறைந்த ஆற்றலும் உடைய றைபிள்களை மானுக்கு விலக்கியது. ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம், சிறிய றோ மானுக்கு 100 மீற்றரில் 1,000 யூலும், பெருமான், பன்றி முதலியவற்றுக்கு 6.5 மில்லிமீற்றர் விட்டமும் 2,000 யூலும் வேண்டும் என்கின்றது. ஈண்டு ஒரு கணக்கினைச் செய்து பார்த்தல் நன்று. 1895 இன் .30-30 தோட்டாவின் ஆற்றல் ஏறத்தாழ 1,400 அடி-இறாத்தலே. அமெரிக்கக் காடுகளில் எண்ணிறந்த மான்களை வீழ்த்திய அத்தோட்டா, அதன் பழைய வடிவில், அச்சட்டத்தின்படி இங்கிலாந்தில் ஒரு மானைத்தானும் சுடத் தகுதியற்றதாயிருந்தது! சட்டம் பிழை என்பது இதன் பொருளன்று. திறமையற்றவன் கையிலும் தீங்கு குறையவேண்டும் என்றே சட்டம் எல்லை வகுக்கின்றது. அதனாற் கூறமுடியாதது, நெருங்கிச் சென்று பொறுமையுடன் காத்திருந்து சுடும் கையினைப் பற்றி. 2007 இல் அவ்வெல்லையையே தளர்த்தி, முந்ஜாக் முதலிய சிறுமான்களுக்கு .220 விட்டமும் 1,000 அடி-இறாத்தலும் போதும் என்றனர்.

விலங்குகளின் தொகையும் இதற்குள் மாறிவிட்டது. 1900 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் வெண்வால் மான்கள் ஐந்து இலட்சத்திற் குறைந்தன என மதிப்பிடுவர். வேட்டைச் சட்டங்களாலும், துவக்கிற்கும் தோட்டாவிற்கும் வரி விதித்து அப்பணத்தை வனவிலங்குகட்கு ஒதுக்கிய 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் காக்கப்பட்டு, இன்று ஏறத்தாழ மூன்று கோடி என்பர். பன்றியோ 1539 இல் ஸ்பானியராகிய டி சோட்டோவுடன் புளோரிடாவில் இறங்கிய அந்நியன். காடேறிப் பெருகி இன்று அறுபது இலட்சத்திற்கு மேற்பட்டுப் பயிரை அழிக்கின்றது. இறந்த விலங்கின் உடலிற் சிதறிய ஈயத்தை உண்டு கொண்டோர் கழுகுகள் மடிவதைக் கண்ட கலிபோர்ணியா மாநிலம், 2013 இற் சட்டமியற்றி, 2019 யூலை முதலாந் திகதி முதல் வேட்டையில் ஈயத்தை முற்றாக விலக்கியது. ஈயத்தின் இடத்தில் வந்த செம்பு அதனிலும் அடர்த்தி குறைந்தது. ஒரே நிறைக்குச் செப்புக்குண்டு நீண்டிருக்கும். நீண்ட குண்டிற்கு விரைவான சுழற்சி வேண்டும். விற்வேத் 1850களில் எதிர்நோக்கிய கணக்கினை வேட்டைக்காரர் இன்று மீண்டும் போட்டுப் பார்க்கின்றனர்.

நமது தீவில் 1937 ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பேக்கர் காலத்து வேட்டைக்கு முடிவு கட்டியது. ஆனால் வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் பயிரைப் பன்றியிடமிருந்து காக்கும் உழவன் இவ்விட்ட ஆராய்ச்சி எதனையும் என்றும் செய்தவனல்லன். அவனிடம் இருந்தது வாய்வழியே மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் இடியன் துவக்கு. அதுவுமில்லாதவன் நாடுவது கட்டுத்துவக்கு: ஓர் இரும்புக் குழாய், சிறிது மருந்து, கைக்கு அகப்பட்ட இரும்புத் துண்டுகள், பன்றி வரும் தடத்திற்குக் குறுக்கே கட்டிய ஒரு நூல். குழாயின் விட்டம் கிடைத்த குழாயின் விட்டமே. அதனைக் குறிவைப்பார் எவருமிலர். நூலை இடறுவது எதுவோ அதனையே அது சுடும். பன்றியின் நெஞ்சு உயரத்திற்குக் கட்டப்படும் அக்குழாய் மனிதனுக்கு முழங்கால் உயரத்தில் நிற்கின்றது. அப்பகுதிகளின் மருத்துவர் எழுதிய ஆய்வுகளில், கட்டுத்துவக்கினாற் காயமுற்று வந்தோரின் புண்கள் பெரும்பாலும் காலிலேயே காணப்படுகின்றன.